மஞ்சள் கோட்டுக்குள் ஒரு ஸ்லைடர்

பயிற்சி அதிகாரி விரலை நீட்டித் தரையைக் காட்டினாரு. "மேடம், இந்த மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பேனா கூட வைக்கக் கூடாது. வண்டி வரும், போகும்."

நான் கேமராவைக் கையில வச்சுக்கிட்டு கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தேன். இந்தப் பக்கம்னா, வேலை செய்யற மேசை வரிசைக்கும் கோட்டுக்கும் நடுவுல ரெண்டு முழம் இடம். ஒரு ஆள் திரும்பி நிக்கலாம், ரெண்டு ஆள் நின்னா மூச்சு முட்டும். ஓசூர்ல பிரேக் சாமான் செய்யற ஒரு கம்பெனி அது. புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்குப் பயிற்சிப் படம் எடுக்கணும், மாசத்துக்கு ஒண்ணுன்னு ஒரு வருஷத்துக்கு, தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தின்னு நாலு மொழியிலன்னு என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. கூப்பிட்டாங்கன்னா வேலை குடுத்துட்டாங்கன்னு அர்த்தமில்ல. முதல்ல ஒரே ஒரு ஷாட் எடுத்துக் காட்டணும். அது பிடிச்சாத்தான் ஒரு வருஷ வேலை.

என்ன பெரிய ஷாட்டுன்னு கேக்கறீங்களா? ஒரே மேசைல மூணு இடம். இடது பக்கம் தட்டுல இருந்து பீஸை எடுக்கணும், நடுவுல ஸ்ப்ரிங் மாட்டணும், வலது பக்கம் அளவு கேஜ்ல வச்சுச் சரி பாக்கணும். அந்தக் கை போற வழியிலேயே கேமராவும் கூடப் போகணும்.

"நடுவுல வெட்டக் கூடாது மேடம். வெட்டினா எதுக்கப்புறம் எதுன்னு புதுசா வர்றவங்க குழம்பறாங்க. ஒரே இடத்துல நின்னு கேமராவைத் திருப்பவும் கூடாது, கை மறைஞ்சிடுது. கூடவே போகணும். நிதானமா போகணும்."

அவரு கர்நாடகா பக்கத்து ஆள். தினமும் அத்திப்பள்ளி தாண்டி வந்து போறவரு. தமிழ் நல்லாவே பேசுவாரு, அவசரம் வந்தா கன்னடம் நடுவுல பூந்துக்கும். நான் தோள்ல வச்சே நடந்து எடுத்துக் காட்டினேன். கல்யாண வீட்டுல நாலு வருஷம் அப்படி நடந்தவதானே! அவரு சின்ன ஸ்கிரீனைப் பாத்துட்டு மெதுவாச் சிரிச்சாரு. "மேடம், இது கப்பல்ல போற மாதிரி இருக்கு."

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வந்துச்சு. ஆனா அவரு சொன்னது நிஜம். தண்டவாளம் மாதிரி பாதை போட்டு ட்ராலி ஓட்டலாம்னா மஞ்சக் கோடு விடாது. அப்போ ட்ரைபாட் மேல உக்காரற மாதிரி, கையில தூக்கற மாதிரி ஒரு ரெயில் வேணும், அது மேல கேமரா வழுக்கிட்டுப் போகணும். ஸ்லைடர். பேரு கேள்விப்பட்டிருக்கேன், தொட்டுப் பாத்ததில்ல. "ஸ்லைடர்ல எடுத்துக் காட்டறேன் சார், வர்ற சனிக்கிழமை"ன்னு சொல்லிட்டேன். நம்ம வாய் அப்படி.

நான் எதுக்கு அவ்வளவு துடிச்சேன்னு சொல்லணும். நான் அப்போ சம்பளமில்லாத லீவுல இருந்தேன். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு மானாவாரி ஊரு எனக்கு. பன்னெண்டாவது முடிச்ச கையோட ஓசூர் வந்து, சர்க்யூட் போர்டு செய்யற கம்பெனியில லைன்ல உக்காந்தேன். ஆறு வருஷம். ஞாயித்துக்கிழமைல ஒரு ஸ்டூடியோவுக்கு வீடியோ எடுக்கப் போவேன். வளைகாப்பு, மஞ்ச நீராட்டு, பொண்ணு அலங்காரம் இதுக்கெல்லாம் ரூமுக்குள்ள வந்து எடுக்கப் பொம்பள வேணும்னு அவங்க தேடிக்கிட்டிருந்த சமயம் அது. கொஞ்ச நாள்ல எனக்குத் தெரிஞ்சு போச்சு, லைன்ல இருக்கிறது என் உடம்பு மட்டும்தான்னு. பழைய டேப் கேமரா ஒண்ணை வாங்கி, ஆறு மாசம் லீவு எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்துட்டேன். தொழிலா இது நிக்குதான்னு பாத்துடறதுன்னு.

நிக்கல. கல்யாண மாசத்துல ஓடுச்சு, ஆடியில படுத்துடுச்சு. லீவு முடிய ரெண்டே வாரம் இருக்கும்போதுதான் இந்த பிரேக் கம்பெனி கூப்பிட்டுச்சு. ரெண்டாவது வாரம் முடிஞ்சு வர்ற திங்கட்கிழமை நான் லைனுக்குத் திரும்பணும், இல்லைன்னா பேரை அடிச்சிடுவாங்க. திரும்பினாலும் சும்மா திரும்ப முடியாது. இன்னும் ஒரு வருஷம் நிக்காம வேலை செய்யறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். லீவுல போய் வந்தவங்களுக்கெல்லாம் அந்தக் கம்பெனியில அப்படி ஒரு வழக்கம். ஒரு வருஷம் கேமராவைப் பெட்டியில போட்டா அப்புறம் யாரு என்னை ஞாபகம் வச்சிருப்பாங்க?

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவரு மெஷினுக்கு அச்சு செய்யற ஒரு டூல் ரூம்ல கிரைண்டிங் மெஷின் ஓட்டறவரு. மில்லிமீட்டரை ஆயிரமாப் பிரிச்சு அதுல ஒண்ணு ரெண்டு கூடிப் போச்சுன்னு சாப்பிடாம வர்ற ஆளு. சாம்பார்ல உப்புக் கம்மின்னா வாயே திறக்க மாட்டாரு, கதவு கீல் அரை மில்லி இறங்கியிருந்தா ரெண்டு நாள் புலம்புவாரு.

"ஸ்லைடர்னா என்னா? ஒரு ரெயிலு, அது மேல ஒரு பிளாக்கு. அவ்வளவுதானே? இதைப் போய்க் கடையில வாங்குவாங்களா?" அவரு முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். "நீ போய் உன் வேலையைப் பாரு. வெள்ளிக்கிழமை கையில தர்றேன்."

ஓசூர்ல இது ஒரு வியாதி. எதைக் காட்டினாலும் நாமளே செஞ்சுடலாம்பாங்க. சும்மா சொல்லக் கூடாது, செஞ்சும் காட்டுவாங்க. பழைய சாமான் கடையில ஒரு மில்லிங் மெஷின்ல இருந்து கழட்டின ரெயில் கிடைச்சிருக்கு, பிளாக்கோட. பிளாக்குக்குள்ள வரிசையா எஃகு குண்டு ஓடும். அதைக் கழுவி, கிரீஸ் மாத்தி, கீழ ஒரு தகடு வச்சு, அந்தத் தகட்டையும் கிரைண்டிங் பண்ணி, மூணு அடி நீளத்துக்கு ஒரு சாமான் செஞ்சாரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டூல் ரூமுக்கு வரச் சொன்னாரு. அங்க அவரோட வேலை செய்யறவங்க நாலு பேரு சுத்தி நின்னாங்க, புதுப்பொண்ணைப் பாக்கற மாதிரி.

டயல் கேஜை மேல நிறுத்தி, பிளாக்கை இந்த முனையில இருந்து அந்த முனைக்குத் தள்ளினாரு. கடிகாரம் மாதிரி இருக்குமே அந்த கேஜு, அதுல முள்ளு அசையவே இல்லை. ஒரு கோடு கூட அசையல. சுத்தி நின்னவங்க "ஆஹா"ன்னாங்க. ஒருத்தர் கன்னடத்துல "சூப்பர் குரு"ன்னு முதுகுல தட்டினாரு. எனக்கும் பெருமை தாங்கல. நானும் ஆறு வருஷம் லைன்ல இருந்தவதானே. கேஜு ஓகேன்னா பீஸு ஓகே. அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். கேமராவை மேல வச்சு ரெண்டு தடவை தள்ளி, மடக்கற சின்ன ஸ்கிரீன்ல பாத்தேன். வெண்ணெய் மாதிரி போச்சு. பெரிய டிவில போட்டுப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. அந்தத் தப்பு என்னோடது, வேற யாரு மேலயும் போட மாட்டேன்.

சனிக்கிழமை அதைத் தூக்கிட்டுப் போனோம். தூக்கிட்டுன்னா, அவரு வண்டி ஓட்ட நான் பின்னால உக்காந்து மடியில வச்சுக்கிட்டேன். ஒரு மூட்டை சிமெண்டுல கால்வாசி கனம் இருக்கும். தொடை மரத்துப் போச்சு. அவரை கேட்லயே நிறுத்திட்டாங்க, ஒரு ஆளுக்குத்தான் பாஸ். நான் அந்த இரும்பைத் தோள்ல வச்சுக்கிட்டு உள்ள நடந்தேன். ட்ரைபாட் மேல ஏத்தினா அது முனகுது. கேமரா நடுவுல இருக்கிற வரைக்கும் சரி, வலது முனைக்குப் போனா மொத்தமும் அந்தப் பக்கம் சாயுது. நான் ஒரு காலை ட்ரைபாட் கால் மேல வச்சு மிதிச்சுக்கிட்டு எடுத்தேன். அதுக்குள்ள சாமான் வண்டி வந்துடும். வண்டியில அடுக்கின தட்டு கோட்டைத் தாண்டி நீட்டிக்கிட்டிருக்கும். உடனே எல்லாத்தையும் தூக்கி ஓரம் கட்டணும். நாலு தடவை தூக்கி இறக்கினதுல எனக்கு இடுப்பு விட்டுப் போச்சு. ஆனாலும் எடுத்துட்டேன். ஸ்கிரீன்ல அழகா இருந்துச்சு.

பயிற்சி ரூம்ல பெரிய டிவி. அதிகாரி ஒயரை மாட்டினாரு. படம் ஓடுச்சு.

படம் நடுங்குச்சு. பெரிய நடுக்கம் இல்ல, காய்ச்சக்காரன் கை மாதிரி, பொடிப் பொடியா. மேசைல வேலை செஞ்ச பொண்ணு விரல்ல பிடிச்சிருந்த ஸ்ப்ரிங் டிவில அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு. வெக்கத்துல காது ரெண்டும் சுட்டுச்சு.

"சொல்ப ஷேக் இருக்கு மேடம்"னாரு அவரு. கொஞ்சம் நடுங்குதுன்னு அர்த்தம். மரியாதைக்குக் கொஞ்சம்னு சொன்னாரு, அது எனக்கும் தெரியும்.

"சார், அடுத்த சனிக்கிழமை ஒரே ஒரு வாய்ப்பு குடுங்க. அது சரியில்லைன்னா நானே வேணாம்னு சொல்லிட்டுப் போயிடறேன்."

அவரு யோசிச்சாரு. "சரி. ஆனா அதோட முடிஞ்சுது, மேடம்."

கேட்டுக்கு வெளிய என் வீட்டுக்காரர் டீ குடிச்சுக்கிட்டு நின்னாரு. விஷயத்தைச் சொன்னதும் முதல்ல நம்பல. "சான்ஸே இல்ல. நீ தள்ளினதுல தப்பு இருக்கும்."

"என்னாத்துக்குங்க என் மேல போடறீங்க? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்கு."

"முள்ளு அசையலையே! நீயும்தானே பாத்த?"

நடு ரோட்ல ரெண்டு பேரும் சண்டை. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவறதை நிறுத்திட்டுப் பாத்தாரு. வீட்டுக்கு வந்து டிவில போட்டுக் காட்டினேன். அவரு மூணு தடவை பாத்தாரு. அப்புறம் பிளாக்கை எடுத்து மடியில வச்சு, ரொம்ப மெதுவா, எறும்பு ஊர்ற மாதிரி தள்ளிப் பாத்தாரு. விரல் நுனியில அவருக்குப் பிடிபட்டுடுச்சு.

"குண்டு உள்ள வர்றப்பவும் வெளிய போறப்பவும் ஒரு சின்னத் தட்டு தட்டுது. இறுக்கமா வச்சிருக்காங்க இல்ல, அதான். மெஷின்ல மேல அவ்வளவு பாரம் இருக்கும், மோட்டார் இழுக்கும், அதுக்கு இது ஒரு கணக்கே இல்லை. உன் கேமராவுக்கு இது போதும் போல நடுங்கறதுக்கு." சொல்லிட்டு அதைத் துணியில சுத்திக் கட்டிலுக்கு அடியில தள்ளினாரு. மூஞ்சி தொங்கிப் போச்சு மனுசனுக்கு. எனக்குப் பாவமா இருந்துச்சு, ஆனா பாவப்பட நேரமில்ல.

நேரா போற ரெயிலு வேற, நடுங்காம போற ரெயிலு வேற. எனக்கு மைக்ரான் கணக்குல நேரா போகணும்னு அவசியமே இல்லை. ஒரு நூல் வளைஞ்சு போனாக் கூட கண்ணுக்குத் தெரியாது. நடுங்கினா தெரியும். இன்னைக்கும் யாராவது போன் பண்ணி, "அக்கா, ஸ்லைடர் வாங்கணும், எது நல்லது"ன்னு கேட்டா, கம்பெனிப் பேரை நான் சொல்றதில்ல. உங்க கேமராவைத் தூக்கிட்டுக் கடைக்குப் போங்க, பெரிய டிவில போட்டுப் பாக்காம வாங்காதீங்கன்னுதான் சொல்றேன். அது அடுத்து வந்த புதன்கிழமை நான் கத்துக்கிட்டது.

புதன்கிழமை ரெண்டு பேரும் பஸ் ஏறி பெங்களூர் போனோம். சிக்பேட்டைப் பக்கம் ஒரு சந்துல, கேமராச் சாமான் மட்டும் விக்கற ஒரு கடை, மாடியில. கடைக்காரரு நாலு மொழி பேசினாரு, நாலையும் என் வீட்டுக்காரரைப் பாத்தே பேசினாரு. "சார், உங்க கேமரா என்னா வெயிட்டு சார்?"

"கேமரா என்னோடது. என்னைக் கேளுங்க"ன்னேன். அவரு என் பக்கம் திரும்பிட்டு, அடுத்த கேள்வியையும் என் வீட்டுக்காரர்கிட்டயே கேட்டாரு. சரி, போய்த் தொலையுதுன்னு விட்டுட்டேன்.

மூணு ஸ்லைடர் எடுத்து வச்சாரு. முதல் ஒண்ணு ரெண்டு குழாய் மேல சின்னச் சக்கரம் ஓடறது. பாக்க அப்படி ஒரு பளபளப்பு. வந்தவங்க எல்லாரும் அதைத்தான் வாங்கிட்டுப் போறாங்கன்னாரு. ரெண்டாவது கைப்பிடி வச்சுச் சுத்தறது, பெல்ட் இழுத்துக்கிட்டுப் போகும். மூணாவது பாக்கவே லட்சணமில்லாம இருக்கும். தட்டையா ஒரு அலுமினியம் ரெயிலு, ரெண்டரை அடி. அதுல ஒரு தட்டு, தட்டுக்கு அடியில சக்கரமும் இல்ல குண்டும் இல்ல, வெள்ளையா நாலு பிளாஸ்டிக் துண்டு. பிளாஸ்டிக் அலுமினியத்து மேல உரசிக்கிட்டே போகும், அவ்வளவுதான்.

"உங்க டிவியைக் கொஞ்சம் போடுங்க"ன்னேன். கடையில ஒரு பெரிய டிவில கிரிக்கெட் ஓடிக்கிட்டிருந்துச்சு.

"டிவி எதுக்கு மேடம்? கையில தள்ளிப் பாருங்க, தெரியுமே."

"கையில தள்ளிப் பாத்து ஒரு தடவை மானம் போச்சுங்க. போடுங்க."

கிரிக்கெட்டை நிறுத்தினதுல கடையில நின்ன ரெண்டு பேருக்கு என் மேல கோபம். நான் கேமராவை ஸ்லைடர்ல ஏத்தி, ஜன்னல் வழியா எதிர்க்கடையைப் பாத்து வச்சேன். எதிர்க்கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்துச்சு. ஷட்டர்ல வரிவரியா மடிப்பு இருக்கும் பாருங்க, படுக்கைக் கோடா. அதை ஜூம் பண்ணி டிவி முழுக்க நிரப்பிட்டேன். இப்போ கேமரா ஒரு மயிரிழை மேல கீழ ஆடினாலும் அத்தனை கோடும் ஆடும். ஒண்ணு, ரெண்டுன்னு இருபது எண்ணி முடிக்கிற வரைக்கும் இந்த முனையில இருந்து அந்த முனைக்குத் தள்ளணும். அவ்வளவு மெதுவா.

சக்கரம் வச்சது பாதி தூரம் ராஜா மாதிரி போச்சு. அப்புறம் டக். கொஞ்ச தூரம் போய் மறுபடி டக். கோடெல்லாம் ஒரு துள்ளு துள்ளுச்சு. ரொம்ப நாளா ஒரே இடத்துல அழுத்தி வச்சிருந்ததுல ஒரு சக்கரம் ஒரு பக்கம் தட்டையாப் போயிருக்கு. "புதுசு வேற பெட்டியில இருக்கு மேடம்"னாரு. இன்னைக்குப் புதுசு, ஆறு மாசத்துல அதுவும் இதே கதைதான்னு தள்ளி வச்சுட்டேன். பெல்ட் வச்சது பிரமாதம், குறையே சொல்ல முடியாது. ஆனா அதைத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கடை மாடிப்படியை ரெண்டு தடவை ஏறி இறங்கினேன். கடைக்காரரு வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்தாரு. மூணாவது தடவை ஏற முடியல. சாமான் வண்டி வந்தா ஒரு நொடியில தூக்கி ஓரம் கட்டணும். வேணாம்.

மூணாவது, அந்த அசிங்கம் பிடிச்சது, டிவில ஒரு கோடு கூட ஆடாம போச்சு. கிளம்பும்போது மட்டும் ஒரு சின்ன முரண்டு பண்ணுது, கிளம்பிட்டா சொன்ன பேச்சு கேக்குது. முனைக்குப் போனாலும் வளையல. ஒரு கையில தூக்கலாம்.

"இதுதான்"னேன்.

என் வீட்டுக்காரர் இப்போ சட்டைப் பையில கையை விட்டு, என்னத்தையோ எடுத்தாரு. பாத்தா, இடைவெளி அளக்கற மெல்லிசுத் தகட்டுக் கொத்து! பெங்களூருக்கு அதைக் கொண்டு வந்திருக்காரு மனுசன். பிளாஸ்டிக்குக்கும் ரெயிலுக்கும் நடுவுல தகட்டை ஒண்ணொண்ணா விட்டுப் பாத்துட்டு, "ஏம்மா, இதுல பாயிண்ட் டூ மில்லி ஆட்டம் இருக்குது! நாங்க இதைக் குப்பையில போடுவோம்"னாரு.

கடைக்காரருக்குச் சிரிப்பு அடக்க முடியல. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, கூடவே எரிச்சலும். "ஏங்க, டிவியைப் பாருங்க. தகட்டைப் பாக்காதீங்க."

"அளவு தப்புன்னா தப்புதானே?"

"இது பீஸு இல்லைங்க, படம். கோடு ஆடுதா, சொல்லுங்க."

அவரு டிவியைப் பாத்தாரு. நான் மறுபடி தள்ளினேன். இருபது எண்ணினேன். அவரு தகட்டை மடக்கிப் பையில போட்டுக்கிட்டாரு. விலையைப் பத்தி நான் பேசப் போறதில்ல, பேசினா இன்னமும் வயிறு எரியும். பஸ்ல அதை மேல வைக்காம மடியில வச்சுக்கிட்டு வந்தேன். அத்திப்பள்ளி வர்ற வரைக்கும் அவரு ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தாரு.

மறுநாள் பாத்தா புதுத் தலைவலி. ஸ்லைடருக்கு அடியில இருக்கிற மரை ஒரு அளவு, என் ட்ரைபாட் போல்ட்டு வேற அளவு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கடிக்கல. நான் தலையில கை வச்சு உக்காந்துட்டேன். அவரு அதை எடுத்துப் பாத்தாரு. "இது இன்ச்சு மரை. இது ஒரு வேலையா?" அன்னைக்குச் சாயங்காலமே நடுவுல மாட்டற ஒரு துண்டு கடைஞ்சு கொண்டு வந்தாரு. நான் கேக்காமலே இன்னொண்ணும் செஞ்சிருந்தாரு. கேமரா முனைக்குப் போறப்ப சாயாம இருக்க, ஸ்லைடர் முனையில மாட்டற ஒரு முட்டுக்கால், உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி. ரெண்டு விரல்ல தூக்கலாம், அவ்வளவு லேசு. "இதுக்கு டயல் கேஜ் வச்சுப் பாக்கலையா?"ன்னு கேட்டேன். "வாயைக் கிளறாத"ன்னாரு. ஆனா சிரிச்சாரு.

அந்தக் கிளம்பற முரண்டு மட்டும் என்னை விடல. கையால தள்ளினா முதல்ல ஒரு வெட்டு வெட்டுது. வீட்டுல உக்காந்து எத்தனையோ விதமாத் தள்ளிப் பாத்தேன். கடைசில எரிச்சல்ல தலையில இருந்த ரப்பர் பேண்டைக் கழட்டி, தட்டுல மாட்டி இழுத்தேன். ரப்பர் முதல்ல நீளுது, அப்புறம் தட்டு தானா நைசாக் கிளம்புது. என் கை நடுக்கமும் அதுல போய்ச் சேரல. அட, இவ்வளவுதானா! ரெண்டு நாளும் துணி துவைக்காம, சமைக்காம அதையே இழுத்துக்கிட்டு இருந்தேன். சனிக்கிழமை காலைல எனக்குப் பயம் இல்லை. நிஜமாவே இல்லை.

லைன்ல அந்த மேசையில இருந்த பொண்ணு குப்பம் பக்கத்துப் பொண்ணு, தெலுங்குக்காரி. போன வாரம் நான் எல்லாத்தையும் தூக்கித் தூக்கி இறக்கினதைப் பாத்தவ. "அக்கா, இரும்பு எங்க?"ன்னு கேட்டா. "கட்டிலுக்கு அடியில தூங்குது"ன்னேன். சிரிச்சுட்டா. அந்தச் சிரிப்புல அவ தோள் இறங்குச்சு. போன தடவை கேமராவைப் பாத்து விறைச்சுப் போயிருந்தா.

ட்ரைபாட், மரைத் துண்டு, முட்டுக்கால், ஸ்லைடர், கேமரா. எல்லாம் மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம். வண்டி வந்துச்சு, ஒரு கையில தூக்கி ஓரம் கட்டினேன். வண்டி போச்சு, திரும்ப வச்சேன். அவ தட்டுல கையை வச்சா. நான் ரப்பரைப் பிடிச்சேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். எவ்வளவு வேகமா இழுக்கணும்னு எனக்கு யாரும் சொல்லல. அவ கையைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுது. ஆறு வருஷம் அதே மாதிரி மேசைல உக்காந்து எடுத்து, மாட்டி, வச்சுப் பாத்தவ நான். எடுக்கும்போது கை சட்டுனு போகும், மாட்டும்போது ஒரு மூச்சு நிக்கும், கேஜுக்குப் போறப்ப மாட்டியாச்சுங்கிற நிம்மதியில கொஞ்சம் வேகம் கூடும். என் கை அவ கையோட போச்சு. அவ நின்ன இடத்துல நின்னுச்சு, கிளம்பின இடத்துல கிளம்புச்சு. ஓசூர்ல எத்தனையோ நல்ல கேமராமேன் இருக்காங்க. அந்த ஷாட்டை அவங்களால எடுக்க முடியாதுன்னு அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். மூணு தடவை எடுத்தேன். மூணாவது முடிஞ்சதும் அழுகை வர்ற மாதிரி ஒரு சந்தோஷம்.

பயிற்சி ரூம்ல பெரிய டிவி. அதிகாரி ஒரு தடவை பாத்தாரு. ரிமோட்டை அழுத்தி மறுபடி பாத்தாரு. ஸ்ப்ரிங்கு அந்தப் பொண்ணு விரல்ல கல்லு மாதிரி நின்னுச்சு. கை போச்சு, கூடவே நாம போனோம்.

"என் பக்கம் ஓகே மேடம்"னாரு. நான் எழுந்தே நின்னுட்டேன். "ஆனா முடிவு என் கையில இல்லை. பிளான்ட் ஹெட் வெளியூர்ல இருக்காரு. செவ்வாய்க்கிழமை வருவாரு, பாப்பாரு. செவ்வாய் சாயங்காலம் போன் பண்றேன்."

"சார், எனக்குத் திங்கட்கிழமை தெரியணும் சார். காலைல."

"ஆகல்ல மேடம்." முடியாதுன்னு. "அவரு பாக்காம நான் எப்படிச் சொல்றது?"

ஒரு நாளு! ஒரே ஒரு நாளு முந்தி அந்த மனுசன் வரக் கூடாதா? கேட்டுக்கு வெளிய வந்து வண்டி சீட்டை ஓங்கி ஒரு குத்து குத்தினேன், கைதான் வலிச்சுது.

ஞாயித்துக்கிழமை வீட்டுல பேச்சு வார்த்தை. அவரு நிதானமாச் சொன்னாரு. "திங்கக்கிழமை போய்ச் சேந்துடு. செவ்வாக்கிழமை ஓகேன்னா அப்புறம் பாத்துக்கலாம்."

"சேந்தா கையெழுத்து போடணும்ங்க. ஒரு வருஷம். அப்புறம் எப்படிப் பாத்துக்கறது?"

"சேராம விட்டு, செவ்வாக்கிழமை வேணாம்னுட்டா?"

அது நியாயமான கேள்வி. நான் எழுந்து போய் டேப்பைப் போட்டேன். ரெண்டு பேரும் தரையில உக்காந்து பாத்தோம். இருபது எண்ணறதுக்குள்ள முடிஞ்சு போற படம். அவரு ரீவைண்ட் பண்ணச் சொன்னாரு. மறுபடி பாத்தோம். எதையுமே அளந்து பாக்காம நம்பாத ஆளு, முழங்காலைக் கட்டிக்கிட்டு, அந்தப் பொண்ணோட கை இடது பக்கத்துல இருந்து வலது பக்கம் போறதையே பாத்துக்கிட்டிருந்தாரு.

"போய் வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடு"ன்னாரு.

திங்கட்கிழமை காலைல எங்க பழைய கம்பெனி பஸ்லயே ஏறிப் போனேன். கூட வேலை செஞ்சவளுங்க, "வந்துட்டியா, வந்துட்டியா"ன்னு இடம் விட்டாளுங்க. ஒருத்தி எனக்கும் சேத்து இட்லி கொண்டு வந்திருந்தா. எனக்கு அதைத் தின்ன மனசு வரல, ஆனாலும் தின்னேன். லைன் பக்கம் போகாம நேரா சூப்பர்வைசர் கண்ணாடி ரூமுக்குப் போனேன். அவரு கையெழுத்துப் போடற பேப்பரைத் தயாரா எடுத்து வச்சிருந்தாரு, பேனாவோட. நான் என் கடுதாசியை அது மேல வச்சேன்.

படிச்சுட்டு நிமிந்தாரு. கெட்டவரு இல்ல அவரு. நிஜமான அக்கறையோடதான் கேட்டாரு. "அந்த வீடியோ வேலை கிடைச்சிடுச்சாம்மா?"

"நாளைக்குத்தான் சார் தெரியும்."

"தெரியறதுக்கு முன்னாடியே விட்டுட்டுப் போறியா?"

"அவங்களுக்குத்தான் சார் நாளைக்குத் தெரியும்"னேன்.